மழை அளவுக்குப் பின்னால் ஒரு பெண்

(அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வந்திருந்த பெற்றோர், மாணவிகளிடம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எந்த குரூப் எடுக்கிறதுன்னு கேட்கத்தான் வந்திருக்கீங்க, தெரியும். அதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்க. போனை உள்ளே வைங்கன்னு சொல்ல மாட்டேன், வெளியே எடுங்க. வானிலைத் துறையோட 'மௌசம்' செயலி எத்தனை பேர் வச்சிருக்கீங்க? நாலஞ்சு கை தெரியுது. பரவாயில்லை. மழைக்காலத்தில் 'கனமழை எச்சரிக்கை'ன்னு குறுஞ்செய்தி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கனமழைங்கிறது வாய்க்கு வந்தபடி சொல்ற வார்த்தை இல்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால்தான் கனமழை. அதைத் தாண்டி 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதிகனமழை. தினமும் காலை 8.30 மணிக்கு இதை அளந்து குறிக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஒரு மாதிரிக் கருவி, மீனம்பாக்கத்தில் வேறொரு மாதிரிக் கருவி என்று இருந்தால் இந்த எண்களுக்கு அர்த்தமே கிடையாது. இரண்டு ஊரையும் ஒப்பிட முடியாது. நாட்டுக்கு ஒரே தரத்தில் கருவிகள் வேண்டும் என்று உட்கார்ந்து வேலை பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். பெயர் அன்னா மணி.

1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். வசதியான குடும்பம். பெண் பிள்ளைகளுக்கு எட்டாவது பிறந்த நாளில் வைரத்தோடு போடுவது அந்த வீட்டு வழக்கம். இந்தக் குழந்தை தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கிக் கொடுங்கன்னு கேட்டதாம். வேடிக்கை என்னன்னா, பின்னாடி அவர் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணினதே வைரத்தைத்தான்! சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தார். அடுத்த ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அங்கே சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில், வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். ஒரு புகைப்படத் தகடு பதிவாக 15, 20 மணி நேரம் ஆகும். அதனால் பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். என்கிட்ட நல்லா படிச்ச ஒரு பொண்ணு பி.எஸ்சி. பிசிக்ஸ் சேரணும்னு ஆசைப்பட்டுச்சு. லேப் முடிய நேரமாகும், ஆறு மணி பஸ் போயிடும்னு அவங்க அப்பா வேண்டாம்னுட்டார். அவர் பயம் எனக்குப் புரியுது, அவரைக் குறை சொல்லலை. அந்தப் பொண்ணு இன்னைக்குத் தன் மகளைச் சேர்க்க வந்து இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கு.

சரி, அன்னா மணிக்கு வருவோம். தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். பட்டம் தரவில்லை. காரணம், அவரிடம் எம்.எஸ்சி. இல்லை. நம்ம மனு 'ஆவணம் குறைகிறது'ன்னு திரும்பி வருமே, அந்த மாதிரி. செய்த வேலை முழுசா கண்ணெதிரே இருக்கு, ஆனா ஒரு தாள் இல்லை. எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். இயற்பியலில் ஆராய்ச்சி செய்யத்தான் ஆசை; கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. அதையே பிடித்துக்கொண்டார். 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை சாதாரண வெப்பமானியைக்கூட நாம் இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். கிட்டத்தட்ட 100 கருவிகளுக்குத் தரமான வரைபடங்கள் தயாரித்து, இங்கேயே செய்ய வழி பண்ணினார். அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தப்பான அளவு எடுப்பதைவிட அளவே எடுக்காமல் இருப்பது மேல் என்பது அவர் பிடிவாதம். 1957-58இல் சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடு முழுக்க நிலையங்கள் அமைத்தார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் வேலைக்குப் போனார். ஆரல்வாய்மொழி பக்கம் பஸ்ஸில் போனவங்க காற்றாலைகளைப் பார்த்திருப்பீங்க. எந்த இடத்தில் எவ்வளவு காற்று அடிக்கும்னு கணக்கு இல்லாமல் ஒரு கம்பத்தையும் நட முடியாது. 2001இல் காலமானார்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். சயின்ஸ் குரூப் எடுத்தா மேல படிக்கச் செலவாகுமேன்னு ஒரு அம்மா வாசல்லயே கேட்டாங்க. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா, புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இதுல சேர எந்தப் பட்டப்படிப்பு, எந்தத் தாள் வேணும்னு இப்பவே பார்த்து வச்சிருங்க. ஒரு தாளால என்ன ஆகும்னு இப்பதான் கேட்டீங்க.

பிள்ளைகளா, நாளைக்கு வரும்போது ஆளுக்கொரு டப்பா கொண்டு வாங்க. வாயும் அடியும் ஒரே அகலமா, பக்கம் நேரா இருக்கணும். உள்ளே ஒரு ஸ்கேலை நிறுத்தினா மழைமானி ரெடி. மொட்டை மாடியில் மரம், சுவர் மறைக்காத இடமா பார்த்து வைப்போம். காலை 8.30 மணிக்கு யார் முதலில் வந்து அளவெடுக்கிறீங்கன்னு பார்க்கிறேன்.