வெள்ளிக்கிழமை வெந்நீர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் சுவைத்து மகிழ்ந்த இந்த அவையிலே, வெந்நீர்க் குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நகைக்க வேண்டா. மார்கழிக் குளிரில், இந்தப் புனே நகரில், விடியற்காலையில் தலையில் எண்ணெயுடன் குழாயடியில் காத்து நின்றவர்கள் இப்பொருளின் அருமையை நன்கு அறிவார்கள்.

மராட்டியப் பெருமக்களின் இல்லங்களில் 'பம்ப்' என்றொரு செப்புக் கலம் உண்டு. நடுக்குழலிலே நெருப்பு; சுற்றிலும் நீர். நம் ஊர்ச் செப்புப் பாய்லரின் உடன்பிறப்பு அது. பெயர்தான் பம்ப், நீரைத் தள்ளும் இயந்திரம் எதுவும் அதில் இல்லை. தனி வீட்டு மாடியில் உள்ள சிறிய சூரிய வெந்நீர்க் கலத்திற்கும் பெரும்பாலும் இயந்திரம் தேவையில்லை. சூடேறிய நீர் இலேசாகித் தானே மேலே உள்ள தொட்டிக்கு ஏறிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை வேறு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளம் வரை நீண்ட குழாய் வருகிறது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் 30 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் நிற்கும். இரவெல்லாம் ஆறிக் கிடக்கும் அந்நீரைக் கொட்டித் தீர்த்த பின்னரே வெந்நீர் வரும். அவ்வாறு வீணாகாமல், ஆறிய நீரைத் திரும்பு குழாய் வழியே மீண்டும் தொட்டிக்கு அனுப்புவதே சுழற்சிப் பம்பின் வேலை.

எங்கள் குடியிருப்பில் இந்தப் பம்பு வெள்ளிக்கிழமைதோறும் முரண்டு பிடித்தது. பெண்டிர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் பார்த்து வெந்நீர் நின்றுவிடும்! பம்பு கெட்டுவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்து புதியது வாங்கினோம். அடுத்த வெள்ளியன்றும் அதே கதை. விற்றவரைக் குறை கூறினோம், காவலாளியைக் கடிந்துகொண்டோம். இறுதியில் கீழ்த்தளத்துப் பாட்டியார் ஒருவர், "வியாழக்கிழமை தண்ணீர் நின்றால்தானே அப்பா, வெள்ளிக்கிழமை வெந்நீர் நிற்கிறது?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்குக் கண் திறந்தது. பராமரிப்புக்காக வியாழக்கிழமைகளில் மாநகராட்சி தண்ணீரை நிறுத்துவது இவ்வூரார் அறிந்ததே. அன்று எங்கள் மேல்தொட்டி வற்றும். வெந்நீர்க் குழாயில் காற்று புகுந்துவிடும். பம்பின் சக்கரம் நீரைத் தள்ளும். காற்றைத் தள்ளும் வலிமை அதற்கு இல்லை. காற்றை வெளியேற்றியவுடன் பத்து நிமிடத்தில் வெந்நீர் வந்தது. பின்னர்க் குழாயின் உச்சியில் தானே காற்றை வெளியேற்றும் வால்வு ஒன்றைப் பொருத்தினோம். பழைய பம்பிலோ எந்தக் குற்றமும் இல்லை!

ஆகவே, வெந்நீர் வராவிடில் வரிசையாக ஆராய வேண்டும். முதலில், மாடித் தொட்டியில் உள்ள நீர் சூடாக இருக்கிறதா? மழைக்கால மேகமூட்டத்திற்குப் பம்பைப் பழிப்பது முறையன்று. அடுத்து, பம்புக்கு மின்சாரம் வருகிறதா? மின்வெட்டினால் நேரக் கருவி பின்தங்கி, பம்பு காலந்தவறி ஓடுவதும் உண்டு. மூன்றாவதாக, பம்பு ஓடும்போது திரும்பு குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் அது வெதுவெதுப்பாக வேண்டும். மோட்டார் ஓடியும் குழாய் குளிர்ந்தே இருந்தால், வால்வு மூடியிருக்கலாம். வடிகட்டியில் கசடு சேர்ந்திருக்கலாம். அல்லது காற்று அடைத்திருக்கலாம். மோட்டார் முனகியபடி சூடேறினால், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரால் உப்புப் படிந்து உள்ளச்சு இறுகியிருக்கலாம், கெப்பாசிட்டரும் பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தொழில் அறிந்தவரை அழையுங்கள். இத்தகைய பம்புகள் பலவற்றின் உட்பாகத்திற்கு நீரே மசகு. நீரின்றி ஓடவிட்டால் விரைவில் தேய்ந்து அழியும்.

நான் சொல்ல வந்ததில் தலையாயது இனிமேல்தான். வெந்நீர் தடைப்பட்ட அந்த வாரங்களில், எங்கள் குடியிருப்பில் இரண்டு குடும்பத்தார் குளியலறைக்குள்ளேயே வாயு கீசரைப் பொருத்திக்கொண்டனர். காற்றோட்டமற்ற சிறிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் மயங்கி விழுவார். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும். இவ்வாறு உயிரிழந்தோர் நம் நாட்டில் பலர். பாட்டியார் கேட்ட ஒரு கேள்வி எங்களுக்குப் பணத்தை மட்டுமா மிச்சப்படுத்தியது? வெந்நீர் சீரானதும் அவ்விரு கீசர்களும் கழற்றப்பட்டன. உங்கள் இல்லத்தில் அத்தகைய கீசர் இருப்பின், அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, புகை வெளியேறவும் வழி செய்யுங்கள். இதனை இன்றே செய்யுங்கள் என்று இருகரம் கூப்பி வேண்டுகிறேன்.

ஊர் விட்டு ஊர் வந்து ஒரே கூரையின் கீழ் வாழ்கின்ற நமக்கு, தொட்டியும் குழாயும் பொதுச் சொத்து. பழுது நேர்ந்தால் பழி கூறுமுன் காரணத்தை ஆராய்வோம். வீட்டிலிருந்து நாள்தோறும் கவனிப்பவர்களின் சொல்லுக்கும் செவி கொடுப்போம்.