ஒவ்வொரு மூச்சும் ஓர் அமானிதம்

 

குழந்தை பிறந்து வீரிட்டு அழுததும், இனி மூச்சைப் பற்றிக் கவலையில்லை என்று நாம் நிம்மதி அடைகின்றோம். ஆயினும், சுவாசத்தை ஆளும் நரம்புக்கலங்கள் அந்நாளில் முழு முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்களா?

மூளை முண்ணாணுடன் இணையும் பகுதியே மூளைத்தண்டு. மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் சிறியதொரு நரம்புக்கலத் தொகுதி அங்கே இருப்பதை, 1991 ஆம் ஆண்டு எலிக்குஞ்சுகளில் நடத்திய ஆய்வின் மூலம் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மிகுந்தால் அதனை உணர்ந்து, ஆழமாகச் சுவாசிக்கத் தூண்டும் கலங்களும் அங்குண்டு. இவற்றுக்கிடையிலான தொடர்புகள் பிறப்பின் பின்னரே படிப்படியாகச் சீரடைகின்றன.

ஆகவேதான் பச்சிளங் குழந்தை சில வேளை விரைவாகச் சுவாசித்து, 5 முதல் 10 செக்கன்கள் வரை நிறுத்தி, மீண்டும் தொடங்குகின்றது. இது இயல்பானதே. ஆனால் மூச்சு 20 செக்கன்களுக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடல் துவண்டாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். குறைமாதக் குழந்தைகளில் இந்நிலை அதிகம்.

உறக்கத்திலேயே நிகழும் திடீர் சிசு மரணம், 2 முதல் 4 மாத வயதிலேயே கூடுதலாக ஏற்படுகின்றது. அவ்வாறு இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், செரடோனின் என்னும் பொருளைச் சார்ந்த நரம்புக்கலங்களில் குறைபாடு இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டு வெளியிட்டனர். எனவே, பிள்ளையை இழந்து நிற்கும் உம்மாவை நோக்கி, "நீ கவனிக்கவில்லை" என்று விரல் நீட்டாதீர்கள். வெளியில் தெரியாத பலவீனத்தை அவள் எவ்வாறு அறிவாள்?

ஆனால் ஆபத்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது. குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தலை உருண்டையாகட்டும் என்று தலையணை வைக்காதீர்கள். முகத்தை மூடும் துணிகளையும் அகற்றுங்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1994 இல் இப்பிரசாரம் ஆரம்பிக்கப்பட்ட பின், அடுத்து வந்த ஆண்டுகளில் இம்மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இளைஞர்களே, வீட்டில் நீங்கள் ஊதும் சிகரெட் புகையும் இவ்வாபத்தைக் கூட்டுகின்றது. உங்கள் தம்பி தங்கையின் மூச்சு உங்களிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்றோ? இன்றே அப்புகையை நிறுத்துங்கள்.