ஓதலாம், மூடக் கூடாது



மக்ரிப் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் ஒரு வரிசை நிற்கும். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். முக்காடு போட்ட பெண்களோடு பொட்டு வைத்தவர்களும் சிலுவைச் சங்கிலி போட்டவர்களும் அதே வரிசையில்தான். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர் குழந்தையின் நெற்றியில் ஓதி ஊதுவார், தண்ணீரிலும் ஊதிக் கொடுப்பார். என்னம்மா ஆச்சு என்று கேட்டால் தாய்க்கு ஒரே சொல்தான்: "பயந்துடுச்சு." அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பயந்துவிட்டது என்றால் குழந்தையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எதுவோ வந்து தாக்கியிருக்கிறது, அதை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அதே குழந்தையிடம் ஓர் ஆள் பாலியல் கொடுமை செய்தான் என்று தெரிந்த மறுநொடி சொல் மாறிவிடுகிறது. "மானம் போச்சு." பயம் குழந்தையுடையது, மானம் குடும்பத்துடையது. சொல் மாறியதும் ஊரின் கவனிப்பு குழந்தையை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பக்கம் போய்விடுகிறது. நான் வாதாட வந்தது இந்த ஒன்றுக்காகத்தான். காயப்பட்ட குழந்தை தேறி எழ நம் கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் கை கொடுக்க முடியும். பயத்தை இறக்குகிற அந்தக் கை, மானத்தைக் காவல் காக்கும் வேலையை விட்டால்தான் முடியும்.

எங்கோ, யாருக்கோ நடப்பது இது என்று நினைக்காதீர்கள். 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள், சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லையே என்று மூச்சு விட்டுவிடாதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் 'துளிர்' அமைப்பு வெளியிட்ட ஆய்வில் 2,211 மாணவர்களில் 42 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 39, ஆண் பிள்ளைகளில் 48. ஆண் பிள்ளைதான் அதிகம்! மானத்தைப் பெண்ணின் உடம்பில் மட்டும் கட்டி வைத்திருக்கும் ஊரில் அந்தப் பையன் தன் கதையைச் சொல்ல எங்கே போவான்? பெண் குழந்தைக்கு வாயைப் பொத்துகிறோம். ஆண் குழந்தைக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று நம்பவே மறுக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். அம்மாக்காரி காலையிலேயே ஷூ கம்பெனி வேன் ஏறிப் போய்விடுகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது, அதனால் வந்த வினைதானே என்று. இதைச் சொல்கிறவர்கள் இன்னொரு தாயையும் பார்க்கட்டும். வீட்டுத் திண்ணையிலேயே குந்திக்கொண்டு, ஊசியும் நூலுமாக ஷூ அப்பர் தைத்து, ஜோடிக் கணக்கில் சில்லறை வாங்குகிறவள் அவள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றுகிறவளும் வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் இருந்தும் காக்க முடியாமல் போவது ஏன்? கெடுதல் செய்கிறவன் பல நேரம் வீட்டுக்குள் வர உரிமை உள்ளவன். மாமா என்றும் வாத்தியார் என்றும் கூப்பிடப்படுகிறவன். தாயின் சம்பளத்தின் மேல் பழி போடுவது அவனுக்குத்தான் வசதி.

சரி, தேறுவது எப்படி? 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரைப் பற்றியது. சராசரியாக ஆறு வாரத்தில் அவர்களின் நோய்க்குறி அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்து இல்லை, பேயோட்டமும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்கினார், காலை பூசை, சின்னச் சின்ன கோயில் வேலை, அடிக்காத அதட்டாத ஓர் இடம். அவர்கள் வளர்ந்தவர்கள், நோய் வேறு. குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது தெரியும். ஆனால் சுகம் கொடுத்தது எது என்று பாருங்கள்: பத்திரம், ஒழுங்கு, துணை. இதே மாநிலத்தில் 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில், தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். அங்கேயும் நம்பிக்கையின் பெயர்தான் சொல்லப்பட்டது. துணை இருந்த இடத்தில் ஆள் தேறினான்; சங்கிலி இருந்த இடத்தில் செத்தான். குழந்தைகளைப் பற்றியே கேட்டால், மட்டக்களப்புக்குப் போகலாம். 1996இல் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் நொந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், செடி வளர்த்தார்கள். நடந்ததைச் சொல் என்று யாரும் நெருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் மனத்தை அமைதிப்படுத்த அவரவர் மதத்துச் செபத்தையே எடுத்துக் கொடுத்தார். சைவருக்கு மந்திரம், கிறிஸ்தவருக்கு செபமாலை, முஸ்லிமுக்கு திக்ர். அந்தச் சரக்கு எல்லாம் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடக்கிறது.

பகுத்தறிவாளர்கள் என்னை விடமாட்டார்கள். சாமியார் மடத்திலும் சர்ச்சிலும் மதரஸாவிலும்கூட இது நடக்கிறதே, பூனைக்கே பாலைக் காவல் வைப்பதா என்பார்கள். நியாயமான கேள்வி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே மத நிறுவனத்தின் ஊழியர் செய்தால் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே தனி அறையில் ஆசீர்வாதம் வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், தாயோ குழந்தை நம்புகிற ஒருவரோ பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் நம்பிக்கையையே விட்டுவிடு என்று ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்னால், அதற்கு மிச்சம் இருக்கிற பிடிமானத்தையும் பறிப்பதாகும். விட வேண்டியது மானக் கணக்கைத்தான். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைக் கற்பைப் பற்றிய வாதத்தோடுதான் தொடங்கினார். நேற்று வரை பத்திரிகைகள் 'கற்பழிப்பு' என்றே அச்சடித்தன. எதையோ இழந்தவள் அவள் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதியது. பெரியார் கைவைத்த இடம் சரியான இடம்.

பெரியவர்களின் வாதம் வேறு. ஊருக்குள் பேசி முடித்துக்கொள்வோம், கோர்ட்டுக்கு இழுத்தால் பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகும் என்கிறார்கள். நாம் மூடி வைத்தது இது முதல் முறை இல்லை. பிள்ளைகளைப் பீடி முதலாளியிடம் முன்பணத்துக்கு அடகு வைப்பதை, பழைய வடஆற்காட்டில் நேரில் விசாரித்து, 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உலகத்துக்குச் சொன்னது. அதையும் குடும்பக் கஷ்டம் என்றுதான் நாம் மூடி வைத்திருந்தோம். இதில் மூட வழியில்லை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. முத்தவல்லிக்கும் போதகருக்கும் தர்மகர்த்தாவுக்கும் விலக்கு இல்லை. செய்தவனுக்கே கட்டி வைப்போம் என்கிற பஞ்சாயத்து இன்னொரு குற்றம். மன்னித்துவிடு என்று குழந்தையிடம் உபதேசிப்பதும் வன்முறைதான். மன்னிப்பது அந்தக் குழந்தையின் சொத்து, நாம் எடுத்துக் கொடுக்க நமக்கென்ன உரிமை?

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அந்த அம்மனின் கதை ரேணுகையின் கதை: புருஷன் ஜமதக்னி சந்தேகப்பட்டான், மகன் வெட்டினான், அவள் தலை மண்ணில் விழுந்தது. ஊர் திரண்டு தூக்கிக்கொண்டு போவது யாரை? கோபக்கார ஜமதக்னியையா? தலை போனவளை! அந்தச் சிரசைக் கொண்டுபோய்ச் சண்டாளச்சியின் உடலில் பொருத்தி, முழு அம்மனாக்கித்தான் கும்பிடுகிறோம். கதையில் இருக்கிற சாதியும் கற்பும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெட்டுப்பட்டவள் தீட்டானவள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒதுங்குவதில்லையே! சாமிக்கு அந்த மரியாதை தருகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் தர முடியாது?

ஓதி ஊதுகிறவர் ஊதட்டும். அடிக்கடி பயப்படும் குழந்தையின் தாயிடம், யாராவது ஏதாவது செய்தார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்கவும் பழகட்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ வாசல் சுவரில் எழுதட்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, குடும்பத்தைக் கூடவே தங்க வைத்துச் சிகிச்சை தருகிற இடம். பஸ் செலவும் போகிற நாள் கூலியும் யார் தருவது என்றால், 2020 போக்சோ விதிகளில் உணவுக்கும் போக்குவரத்துக்கும் உடனடி உதவி உண்டு. குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வர ஓர் ஆதரவு நபரையும் அந்தக் குழுவே நியமிக்கும். மீதி வேலை ஊருடையது. கிறிஸ்துமஸ் நாடகத்திலோ மீலாது விழாப் பாட்டிலோ ஆடிக் கூழ் ஊற்றுகிற நாளிலோ, இந்த வருஷம் அந்தக் காயப்பட்ட பிள்ளையை எங்கே நிறுத்துவது என்று விழாக் கமிட்டியில் யாராவது இழுத்தால், போன வருஷம் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள்.