அடிநிலத்து நீரும் அண்டை நிலத்து நீரும்

(அத்திப்பட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆலைப்பணி முடித்துக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளத் தோழர்களே! குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே!

உலக நாடுகள் நீருக்காகச் செய்யும் அயலுறவு முயற்சிகளைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அதனை இவ்வூர்க் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆரணியாறும் கொற்றலையாறும் காலங்காலமாய் மணல் கொணர்ந்து நிரப்பிய நிலம் இது. அம்மணலுக்கு அடியில் நன்னீர் தேங்கியிருந்தது. 1966 முதல் 1969 வரை ஒன்றிய நாடுகள் அவையின் வளர்ச்சித் திட்டத்தார் துணையோடு அதனை ஆய்ந்தனர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நீர் சென்றது, உழவரும் இறைத்தனர். மழை ஊட்டியதைவிட மாந்தர் உறிஞ்சியது மிகுந்தது. நன்னீரின் அழுத்தம் குறையவே, கடல்நீர் நிலத்தடியே உள்ளேறியது. 1969-இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் நின்ற உவர், பின்னர் 10 கி.மீ.க்கும் அப்பால் சென்றுவிட்டது. உப்பளத்தில் உப்பு விளைந்தால் உழைப்பவனுக்குக் கூலியாவது உண்டு. கிணற்றில் உப்பு விளைந்தால்?

இதற்குக் கன்னடரைக் குறைகூற முடியாது. தெலுங்கரையும் குறைகூற முடியாது. நம் நகருக்காக நாமே நம் ஊரை இறைத்தோம். கசப்பான செய்திதான், நம் மேடையில் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

உள்நிலம் வற்றிய பின்னரே வெளியே கையேந்தினோம். 1976-இல் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் மூன்றும் கிருட்டிணை ஆற்றிலிருந்து சென்னைக்கு ஆளுக்கு 500 கோடி கன அடி தர இசைந்தன. 1983-இல் ம.கோ.இரா.வும் என்.டி. இராமாராவும் கால்வாய்க்கு உடன்படிக்கை செய்தனர். வழியிற் போவது போக எல்லையில் 1,200 கோடி கன அடி என்பது சொல். நீர் பூண்டிக்கு வந்ததோ 1996-இல். அதன்பின்னும் பல ஆண்டுகளில் சொன்னதில் பாதியும் வரவில்லை. 2019 கோடையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் ஏற்றிவந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

தாள் நீர் தராது, தோழர்களே! 1960-இல் எழுதிய சிந்தாற்று உடன்படிக்கை 1965, 1971 போர்களையும் தாண்டி நின்றது. அதையே 2025 ஏப்பிரலில் நிறுத்திவைப்பதாக இந்திய அரசு அறிவித்தது.

தமிழும் ஆட்சிமொழியாயிருக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். மலேசியாவின் சொகூர் மாநிலத்தோடு 1962-இல் செய்த உடன்படிக்கைப்படி 2061 வரை ஆயிரம் கேலன் ஆற்றுநீர் 3 மலேசியக் காசுக்கு அதற்குக் கிடைக்கும். 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோதும் அவ்வுரிமையை எழுத்தில் காத்துக்கொண்டது. ஆயினும் அதை நம்பிச் சும்மா இருந்ததா? 2003 முதல் கழிவுநீரைத் தூய்மையாக்கி ஆலைகளுக்குத் தந்தது. 2005-இல் கடல்நீரையும் நன்னீராக்கியது. 1961-இல் செய்த மற்றோர் உடன்படிக்கை 2011-இல் முடிந்தபோது, அதை நீட்டிக்குமாறு கெஞ்சவில்லை.

காவிரியில் நமக்கு நேர்ந்தது என்ன? தீர்ப்பாயம் 2007-இல் எல்லையில் தரச்சொன்னது 19,200 கோடி கன அடி. 2018-இல் உச்ச வழக்குமன்றம் அதனை 17,725 கோடியாக்கியது. குறைத்ததில் 1,000 கோடிக்குச் சொன்ன கரணியம், தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதே! இருப்பதைச் சொல்லிப் பங்கைக் குறைத்தார்கள். அதுவும் மீஞ்சூரைப்போல் உவர்த்துப் போனால் எந்த மன்றத்தில் போய்க் கேட்பது?

அருகிலேயே காட்டுப்பள்ளியில் 2010 முதல் உவர்நீக்கு ஆலை இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. அந்நீரில் முதற்பங்கு, நிலத்தடி நீரை இழந்த இவ்வூர்களுக்கே உரியது. கொடுங்கையூரில் கழிவுநீரைத் தூய்மையாக்கி மணலிப் பக்கத்து ஆலைகளுக்குத் தரும் பணியும் நடக்கிறது. நன்று, ஆனால் பிந்திய நன்று. ஆலைகள் யாவும் அந்நீருக்கே மாறட்டும், மணற்படுகை மூச்சுவிடட்டும்.

ஒரு வேலை தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன், தெருவுக்கு ஒரு கிணறு பாருங்கள். அது எந்த ஆண்டில் உவர்த்தது என்று மூத்தோரைக் கேட்டு எழுதித் தாருங்கள். அத்தாள்களோடு குடிநீர் வாரியத்துக்குப் போவோம். நானும் உடன் வருகிறேன்.