கடன் முற்றிய வீட்டில் சட்டம் எதைத் தொடும்?

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



வங்குரோத்து என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் தலை குனிந்து கொள்கின்றனர். கடன்பட்டு முறிந்தவனைக் கள்ளனுக்கு அடுத்த இடத்தில் ஊர் வைத்து விடுகிறது. அந்த வெட்கத்துக்கு அஞ்சியவர்கள் இரவோடிரவாக நொத்தாரிசிடம் ஓடி, எஞ்சியிருக்கும் காணியை மருமகன் பேருக்கு நன்கொடையாக எழுதி விடுகின்றனர். சட்டத்தரணியிடம் வருவது அதற்குப் பிறகுதான். உறுதி எழுதுமுன் அறிய வேண்டியவற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

அந்த நன்கொடை உறுதி காணியைக் காப்பாற்றாது. நமது நாட்டில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் பவுலியன் வழக்கு என்று ஒன்றுண்டு. கடனை இறுக்க வகையில்லாத நிலையில், கடன் கொடுத்தோரை ஏமாற்றும் பொருட்டு ஒருவன் சொத்தைக் கைமாற்றினால், அவர்கள் வழக்கிட்டு அந்த உறுதியை இரத்துச் செய்விக்கலாம். விலை கொடுத்து வாங்கியவனாயின் அவனும் சூழ்ச்சியை அறிந்திருந்தானா என்ற கேள்வி எழும். இனாமாகப் பெற்ற மருமகனுக்கு, "எனக்கொன்றும் தெரியாது" என்ற மறுமொழி கைகொடாது.

ஆனால் ஒளிக்காமலே தப்பும் பொருட்கள் சில உண்டு. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, 218 ஆம் பிரிவில், உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள் ஆகியவற்றைப் பறிமுதலிலிருந்து விலக்கியிருக்கிறது. கமக்காரனாயின் அவன் பிழைப்புக்கு வேண்டியதென நீதிமன்றம் கருதும் கமக் கருவிகள், மாடுகள், விதைதானியம் ஆகியனவும் விலக்கு. விதைநெல்லையும் எடுத்துப் போவோம் என்று மிரட்டுகிறவர்களிடம் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

இனி, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சீதனத்தைக் கணவனின் கடனுக்குத் தொட முடியாது என்று பலர் நம்பியிருக்கின்றனர். முக்காற்பங்கு உண்மைதான். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவளது சொத்தைத் தனிச் சொத்தாக்கியது. மீதிக் காற்பங்கு அதே சட்டத்தின் 6 ஆம் பிரிவிலேயே இருக்கிறது: அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு, திருத்தம் என்பவற்றுக்காகக் கணவன் பட்ட கடனுக்கும், அதன் மீது விதிக்கப்பட்ட வரிக்கும் அது பொறுப்பாகும். சீதனக் காணியில் வெங்காயம் வைக்கக் கடன் வாங்குவோர், கடன் பத்திரத்தில் நோக்கம் என்னவென்று எழுதப்படுகிறது என்பதை வாசித்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

பிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிணைக்காரனை நெருக்குமுன் கடன்பட்டவனிடம் முதலில் அறவிடு என்று கேட்கும் உரிமையை நமது சட்டம் பிணைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறது. வங்கிப் பத்திரங்களிலோ, அவ்வுரிமையைத் துறக்கிறேன் என்ற வாசகம் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பது வழக்கம். நண்பனுக்கு உதவுகிறேன் என்று ஒப்பமிடும் ஆசிரியர்கள் அதை வாசிப்பதில்லை. நண்பன் வங்குரோத்தாகிக் கடனிலிருந்து விடுபட்டாலும் பிணைக்காரன் விடுபடமாட்டான்.

1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தன் வங்குரோத்து நிலையைப் பிரகடனஞ் செய்யும்படி கடனாளி தானே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய வழி வகுத்தது. அவனது சொத்து நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரிடம் போகும். கடன் கொடுத்தோர் கூட்டம் கூடும். அவன் கணக்கையெல்லாம் வெளியிட்டுக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பின்னர் விடுதலைச் சான்று. அதில் மூன்று வகுப்புகள், பள்ளிக்கூடத்துப் பரீட்சை போல! தவிர்க்க முடியாத நட்டத்தாலும் துர்ப்பாக்கியத்தாலும் முறிந்தவனுக்கு முதலாம் வகுப்பு. ஓரளவுக்கே அப்படியானவனுக்கு இரண்டாம் வகுப்பு. தன் செயலாலேயே முறிந்தவனுக்கு மூன்றாம் வகுப்பு. கணக்கை மறைத்தவனுக்குச் சான்றை ஒத்திவைக்கவோ மறுக்கவோ முடியும். ஆதலால், வெள்ளம் பயிரை அழித்தபோது எடுத்த கிராம சேவகர் கடிதம், உரக்கடைத் துண்டு, விற்பனைச் சிட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலாம் வகுப்புக்கு அவையே சாட்சி.

சான்று பெற்ற பின்னும் ஈடு வைத்த காணி மீது ஈடு பிடித்தவனுக்குள்ள உரிமை அழிவதில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமோ, நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலங்கூறும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது.

இளைஞர்கள் கேட்பதுண்டு: வாக்குரிமை போய்விடுமா? போகாது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, விடுதலை பெறாத வங்குரோத்துக்காரன் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்படுவதையே 91 ஆம் உறுப்புரையில் தடுக்கிறது. 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தில் பணிப்பாளர் பதவிக்கும் அதே தடையுண்டு. விடுதலை பெற்றால் தடை நீங்கும்.

ஆங்கிலேய வர்த்தகர்களின் 1849 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து ஆக்கப்பட்டது நமது 1853 ஆம் ஆண்டுச் சட்டம். பேரேடு எழுதும் வியாபாரிக்குத் தைத்த சட்டையை ஒரு போகம் பிழைத்த கமக்காரனுக்குப் போட்டுப் பார்க்கிறோம். சிறு கடனாளிக்கு, செலவு குறைந்ததும் தமிழில் நடப்பதுமான தனி நடைமுறை வேண்டும் என்று நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதை நீங்கள் கேளுங்கள்.