மதிப்பெண் பட்டியல் சொல்லாதவை
(மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்லூரி விண்ணப்பம் என்றதும் நாம் மதிப்பெண்ணையே விசாரிக்கிறோம். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ கட்-ஆஃப்பே தரவரிசையை முடிவு செய்கிறது. ஆகவே மற்றவையெல்லாம் வீண் என்று நம்மவர் பலர் எண்ணிவிட்டனர். அது சரியன்று.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25இல் விளையாட்டுத் திறனுக்கென ஒவ்வோர் இளநிலைப் பாடப்பிரிவிலும் 2 இடங்களைக் கூடுதலாக உருவாக்கியது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கு உரியது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற வேண்டும். முன்னணி ரேங்க் தேவையில்லை. கடந்த 4 ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் பதக்கம் பெற்றிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் என்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்குத் தொடங்கிவிடுகிறது! தமிழகப் பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு.

கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் வடசென்னைக்குப் புதியவையா? 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற செல்வி காசிமா, வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். நம் தெருக்களில் திறமைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் காகிதத்துக்குத்தான். தெருப் போட்டியில் வாங்கிய கோப்பை அலமாரிக்கு அழகு, அவ்வளவே. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டியில் விளையாடி, உரிய படிவத்தில் சான்றிதழ் பெற்றால்தான் கல்லூரி ஏற்கும். எந்தெந்த விளையாட்டு கணக்கில் வரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படித்துப் பாருங்கள்.

விளையாடாத பிள்ளைக்கு என்ன வழி? பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்றவை நேர்காணலும் நடத்துகின்றன. அங்கே "சமூக சேவையில் ஆர்வமுண்டு" என்னும் மனப்பாட வாசகம் எடுபடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதன்பின் எத்தனை நாள் படகு இறங்கவில்லை, மீன் என்ன விலைக்குப் போனது என்று ஒரு பிள்ளை நோட்டில் குறித்து வைத்திருந்தால், அந்த நோட்டு பேசும். வாப்பாவின் கடைக் கணக்கை எழுதுவதும், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித் தருவதும் அனுபவமே. அவற்றைச் சொல்ல நம் பிள்ளைகள் கூச்சப்படுகின்றனர். ஏன் கூச்சம்?

மற்றொன்று சான்றிதழ்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. சாதிச் சான்றிதழில் உட்பிரிவும், எல்லா ஆவணங்களிலும் பெயரின் எழுத்தும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது வீண் பதற்றம்.

ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், கையில் உள்ள சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஜமாஅத் அலுவலகத்துக்கு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு போட்டுத் தர நம் இளைஞர்கள் ஆயத்தமாக உள்ளனர்.