கிரிவலமும் டிரில் வகுப்பும்

திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு நடையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் மலையை வலம் வருவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். வலப்பாதை 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் ஈறாக எட்டு லிங்கங்களையும் வணங்கி, விடியுமுன் வீடு திரும்பி, சாணம் தெளிக்க வாளியைத் தூக்கும் பாட்டிமார் எங்கள் தெருவில் பலர் இருந்தனர்.

அத்தகைய ஊரில்தான் நான் உடற்பயிற்சி ஆசிரியனாகப் பணியாற்றினேன். ஆண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் என்னிடம் வருவார். "சார், பத்தாம் வகுப்புக்கு உங்கள் பீரியட் எனக்கு வேண்டும்; பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் ஆடிக்கொள்ளட்டும்" என்பார். நானும் கொடுத்துவிடுவேன். மறுத்துப் பேசுவதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. அன்று நான் அவரிடம் கூறியிருக்க வேண்டியவற்றை இன்று உங்களிடம் கூற விழைகிறேன்.

முதலில் இலண்டன் மாநகருக்குச் செல்வோம். அங்கு ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். சம்பளம், குடியிருப்பு, உணவு முதலியவற்றில் இருவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் இவர்களை ஒப்பிட்டு 1953ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. வந்தாலும் அதன் கடுமை குறைந்திருந்தது. வீடுவீடாகச் சென்ற தபால்காரர்களை, மேசையருகே அமர்ந்து வேலை செய்த குமாஸ்தாக்களோடு ஒப்பிட்டபோதும் அவ்வாறே கண்டார்.

இத்துடன் நின்றிருந்தால் அது பாதி ஆராய்ச்சியே. மாரிஸ் தம் முடிவைத் தாமே ஐயுற்றார். பஸ் நிறுவனத்தின் சீருடைப் பதிவேடுகளை வாங்கி, காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பைவிடப் பெரிதாக இருந்தது! அப்படியானால் பருமனானவர்களே டிரைவர் வேலையைத் தேடிச் சென்றிருக்கலாம் அல்லவா? படிகளை மட்டும் எவ்வாறு புகழ்வது? தம் கருத்துக்கு இடையூறான இச்செய்தியை அவர் மறைக்கவில்லை. 1956இல் அச்சிட்டே வெளியிட்டார். பின்னர், எல்லோரும் ஒரேபோல் உட்கார்ந்து வேலை பார்க்கும் அரசு அலுவலர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் கடும் பயிற்சி செய்தவர்களுக்கு இருதய நோய் குறைவு என்று 1973இல் கண்டார். காற்சட்டையை அளந்து பார்க்கும் இந்தத் துணிவை நான் படிகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

நம் சென்னையிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் பணியிடங்களில் அறிவிப்பும் சுற்றறிக்கையும் தந்து மக்களைத் திரட்டி, நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களை நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு உணவில் திருத்தமும், உடலுழைப்பு இல்லாதோர்க்கு நாள்தோறும் அரை மணி நேர விரைந்த நடையும். ஏனைய இரு பிரிவினருக்கும் மாத்திரை உண்டு. மூன்று ஆண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவும் நடையும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இவ்வளவே. 2006இல் வெளியான இம்முடிவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடக்கச் சொல்லிவிட்டு மருத்துவர்கள் விலகிவிடவில்லை. தொலைபேசியிலும் நேரிலும் இடையிடையே விசாரித்தவண்ணம் இருந்தனர்.

இனி, கணக்கு ஆசிரியருக்கு உரிய பதில். கனடாவில் கியூபெக் மாகாணத்தின் துருவா-ரிவியேர் என்னும் ஊரில் 1970 முதல் 1977 வரை தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சி அளித்தனர். பாடங்களுக்குரிய நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பெண்கள் குறைந்தனவா? குறையவில்லை. மேல் வகுப்புகளில் சற்றே உயரவும் செய்தன. அந்தப் பயிற்சியை நடத்தியவர்கள் அதற்கென்றே பயின்ற ஆசிரியர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு நிழலில் நாற்காலி போட்டு அமர்வது பயிற்சியாகாது. 1920இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் இதனைத் தனித் தொழிற்கல்வியாகவே கருதினார்.

நம் கிரிவலத்துக்கு வருவோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 14 கிலோமீட்டருக்கு 168 நிமிடங்கள் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வகுத்த குறைந்த அளவோ வாரத்துக்கு 150 நிமிடங்கள். வாரம் ஒரு கிரிவலம் என்றே வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை வலம் வந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டால் புண்ணியக் கணக்கு நேராகலாம். உடற்கணக்கில் நான்கில் ஒரு பங்குதான் தேறும். உங்கள் வயதினருக்கு அளவு இன்னும் மிகுதி: சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள், அதில் ஓட்டமும் ஆட்டமும் கலந்திருக்க வேண்டும். உங்களிடமிருந்து எடுக்கப்படும் டிரில் வகுப்பு எதிலிருந்து கழிகிறது என்பதை இப்போது நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, புதிதாக வந்த கணக்கு ஆசிரியரும் வழக்கம்போல் வகுப்பைக் கேட்டார். கியூபெக் செய்தியை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம் பிள்ளைகளிடம் பார்த்தீர்களா, சார்?" என்றார். சரியான கேள்விதான். என்னிடம் விடை இல்லை. வகுப்பை மட்டும் இம்முறை நான் கொடுக்கவில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மாணவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட எடுத்த நேரம், ஓடி முடித்ததும் நாடித்துடிப்பு, மாதத் தேர்வின் கணக்கு மதிப்பெண் ஆகிய மூன்றையும் குறிக்கத் தொடங்கினேன். ஒரே ஒரு வகுப்பின் குறிப்பைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்று கணக்கு ஆசிரியர் எச்சரித்தார். ஆயினும் மூன்றாவது பத்தியை மாதந்தோறும் தம் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார்.